பின்னத்தில் ‘கேன்சல்’: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். பின்னப் பயிற்சி ஏடு ஒன்றை வெள்ளிக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 6/8ஐ 3/4 ஆக்கும்போது ‘கேன்சல்’ பண்ணுகிறோமே, அதற்கு ‘அடித்தல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஆசிரியை:
வேண்டாம். அடி என்றால் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கிறார்கள். ஒரு பையன் 16/64இல் மேலே ஒரு 6, கீழே ஒரு 6 அடித்து 1/4 என்றான். விடை சரி! 19/95, 26/65, 49/98 இவற்றிலும் இந்தத் திருட்டு வேலை பலிக்கும். அடுத்து 13/34, 3ஐ அடித்துவிட்டு அதுவும் 1/4 என்றான், தப்பு. வகுக்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்:
அப்போ ‘சுருக்கல்’? புழக்கத்தில் இருப்பதுதானே.

இலக்கணத்தார்:
நன்னூலின் செய்யுள் விகாரங்களில், அதாவது செய்யுளுக்காகச் சொல் திரியும் வகைகளில், நெடிலைக் குறிலாக்கும் ‘குறுக்கல்’ இருக்க வேறெங்கும் தேடுவானேன்? ‘தீயேன்’ ‘தியேன்’ ஆனாலும் ஆள் அதே ஆள்தான்.

ஆசிரியை:
ஆள் அதேதான் ஐயா, எழுத்தை ஒலிக்கும் கால அளவான மாத்திரை இரண்டு ஒன்றாகிவிட்டதே! ‘ம்’ குறுகும் மகரக்குறுக்கத்தில் அரை மாத்திரை கால் ஆகிறது. பின்னத்தில் மதிப்பு இம்மியும் குறையக்கூடாது. போதாததற்குக் ‘குறுக்குப் பெருக்கல்’ வேறு இருக்கிறது.

இலக்கணத்தார்:
சரி, ‘தொகுத்தல்’. ‘பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ உருபு தொக்கது, அதாவது மறைந்தது, பொருள் மாறவில்லை. இதைவிடப் பொருத்தம் உண்டா?

மொழிபெயர்ப்பவர்:
மேலே இருக்கும் எண்ணின் பெயரே ‘தொகுதி’ ஐயா. தொகுதியைத் தொகு என்றால் பிள்ளை என்ன செய்யும்?

இலக்கணத்தார்:
அந்தப் பெயரே எனக்கு உடன்பாடில்லை. கீழே இருப்பது ‘பகுதி’, அது ‘பகு’ என்பதிலிருந்து வந்தது, பிழையில்லை. ஆனால் சொல்லைப் பிரித்தால் வரும் பகுபத உறுப்பிலும் பகுதி உண்டு. அதைப் ‘பிரகிருதி’யின் திரிபு என்பாரும் உளர். அது தனிக் கதை, விரிவாக எழுதுகிறேன்...

மொழிபெயர்ப்பவர்:
வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எழுதுங்கள் ஐயா.

ஆசிரியை:
‘உடன்வகுத்தல்’ என்றால் என்ன? தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் சேர்த்தே வகுப்பது.

இலக்கணத்தார்:
‘உடனே வகு’ என்று படிப்பார்கள். ஆனாலும் ‘அடித்தலு’க்கு இது மேல்.

மொழிபெயர்ப்பவர்:
‘சுருக்கல்’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுத்தல்’ என்று சேர்த்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஆசிரியை:
இன்று வகுப்பில் ‘சுருக்கு’ என்று சொல்லிப் பார்த்தேன். “அப்போ 3/4, 6/8ஐ விடச் சின்னதா டீச்சர்?” என்கிறாள் ஒருத்தி. என் ஓட்டு இன்னும் ‘உடன்வகுத்தலு’க்குத்தான்.