வாடகை வீட்டுக்குக் கொடுத்த முற்பணத்துக்கு வட்டி கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கிளிநொச்சி ஆசிரியை:
2020இல் இடமாற்றம். மாதம் 15,000, ஒரு வருட வாடகை முற்பணம், எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2022இல் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்த நாட்களில், வாடகை கொடுக்கப் போன என்னிடமே வீட்டுக்கார ஐயா மகிழ்ச்சியோடு சொன்னார்: “உங்கள் காசையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன், பிள்ளை.” அடுத்த தையில் வீடு விட்டோம். சுவர் சுவராகப் போய், ஆணித் துளைகளில் சுண்டுவிரலை வைத்து வைத்து எண்ணினார். பதினொன்று. அதில் இரண்டு நாங்கள் வருமுன்பே இருந்தவை. துளைக்கு 500 கழித்து 1,74,500 தந்தார். வட்டி என்ற சொல் தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை. அந்தச் சுண்டுவிரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

புதுக்குடியிருப்பான்:
உங்கள் வீட்டுக்கார ஐயா காசுக்காரர். எனக்கு வாய்த்தவர் என் முற்பணத்தில்தான் கூரையே போட்டார். நான் வீடு விட்டபோது கையில் சல்லி இல்லை. காலபோக நெல் வெட்டட்டும், தருகிறேன் என்றார். வாயில் வந்தபடி பேசிவிட்டு வந்தேன். மாசிக் கடைசியில் படலையில் சைக்கிள் மணி. முழுக் காசும் இருந்தது. கரியரில் அரை மூடை ஆட்டக்காரி அரிசியும் இருந்தது. “இதை வட்டியாக வைத்துக்கொள், தம்பி.” உள்ளே வந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை.

வவுனியா வாசி:
தம்பியின் கதை நல்லது, ஆனால் எல்லோருக்கும் அரிசி வராது. என் 40,000 ரூபாய் 2018இலிருந்து வரவேயில்லை. அது கிடக்கட்டும். ஆசிரியை கவனிக்கவேண்டியது வேறு. என் தங்கை ஜெர்மனியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே சிவில் சட்டத்தின் 551ஆம் பிரிவுப்படி முற்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் தன் காசோடு கலக்காமல் வைப்பிலிடவேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. (வருவது சில சதம்தான் என்று அவள் சிரிக்கிறாள்.) “சேர்த்துப் போட்டிருக்கிறேன்” என்ற பேச்சே அங்கே எடுபடாது. நம்மிடமும் ஒத்தி இல்லையா? காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியையோ வீட்டையோ அனுபவிப்பார். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது. முற்பணத்தில் மட்டும் வாடகையும் நாம் கட்டுகிறோம், வட்டியும் வீட்டுக்காரருக்குப் போகிறது. இனிமேல் வாடகை ஒப்பந்தத்தைக் கொப்பி ஒற்றையில் எழுதாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டும். வட்டி வீதத்தையும் எழுதுங்கள், ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகளையும் எழுதுங்கள். தகராறு வந்தால், பேசித் தீர்த்துவைக்க மத்தியஸ்த சபை இருக்கிறது, பயப்படாமல் போங்கள்.

புதுக்குடியிருப்பான்:
அண்ணா, அந்த நாற்பதாயிரத்துக்கு நீங்கள் மத்தியஸ்த சபைக்குப் போனீர்களா?

வவுனியா வாசி:
இல்லை. வீட்டுக்காரர் என் மனைவியின் பெரியப்பா.