காட்னிஸ் போட்ட ஓட்டு நடிப்பா, நிஜமா?

கல்மண்டபம் வாசகன்:
நேற்று எண்ணூர்க்காரி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ‘ஹங்கர் கேம்ஸ்’ மூன்று நாவல் வரிசையை முடித்துவைத்தது ‘மாக்கிங்ஜே’, 2010-இல் வந்தது. அதில் கொடுங்கோலன் ஸ்னோவின் ஆட்சி கவிழ்ந்ததும், பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவைக்கும் அந்த விளையாட்டைத் தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து இன்னொரு தடவை நடத்தலாமா என்று கலகக்காரர்களின் தலைவி காயின் கேட்கிறாள், அதில் முன்பு வென்று உயிர் தப்பியவர்களிடம். அக்கா சொல்படி, கதாநாயகி காட்னிஸ் மனதாரத்தான் சரி என்று ஓட்டுப் போட்டாளாம், துக்கத்தில் அவளும் ஸ்னோ மாதிரியே ஆகிவிட்டாளாம். புத்தகம் படித்தவர் பேசுகிற பேச்சா இது? அந்த ஓட்டு நடிப்பு. காயினை நம்பவைக்கப் போட்டது. ஸ்னோவைக் கொல்லக் கொடுத்த வில்லைத் திருப்பி அதே காயினைக் கொன்றாளே, வேறென்ன சாட்சி வேண்டும்?

எண்ணூர்க்காரி:
படித்துவிட்டுத்தான் எழுதினேன் தம்பி, மூன்று முறை. கதை முழுக்கக் காட்னிஸ் தன் வாயால் சொல்கிற கதை. பயம், பொய், கெட்ட கனவு எதையும் மறைக்காதவள், இந்த ஓட்டு நடிப்பு என்று ஒரு வரி சொல்லவில்லையே? ‘பிரிமுக்காக’ என்றுதான் சொன்னாள். 13 வயதுத் தங்கையைக் குண்டுக்குப் பறிகொடுத்தவள் அப்படிச் சொல்வாள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கல்மண்டபம் வாசகன்:
வில்லைத் திருப்பப் போகிறேன் என்றும்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுவும் நடக்கவில்லையா? ஓட்டுக்கு முன் அவள் மனதில் ஓடுவதைப் படியுங்கள். எழுபத்தைந்து வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் நாலு பேர் உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருப்பார்களோ, எதுவுமே மாறவில்லையே என்று நினைக்கிறாள். தன் ஓட்டைப் போட்ட பிறகு, தன் பழைய வழிகாட்டி ஹேமிச் தன்னை எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறான் என்பது இப்போது தெரிந்துவிடும் என்கிறாள். வெறும் ‘சரி’ சொன்னதற்கு ஹேமிச் என்னத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்? நடிப்பு என்பதைத்தான்.

பழைய வண்ணை:
கணக்கைப் பாருங்கள் கதையை விட்டுவிட்டு. ஓட்டுப் போட்டவர்கள் ஏழு பேர். பீட்டா, ஆனி, பீட்டி மூவரும் வேண்டாம் என்றார்கள். ஜொஹானா, எனோபாரியா இருவரும் வேண்டும் என்றார்கள். காட்னிஸ் வேண்டாம் என்றிருந்தால் நாலு ஓட்டு, அங்கேயே முடிந்திருக்கும். ஸ்னோவைக் கொல்வது அவள்தான் என்பதும் முன்னாடியே முடிவான விஷயம். வில்லுக்காக நடிக்க என்ன அவசியம்?

கல்மண்டபம் வாசகன்:
வண்ணை அண்ணே, காயின் ஓட்டு எண்ணிக்கைக்குக் கட்டுப்படுகிற ஆளா? அவள் போடவைத்த முதல் குண்டு பிள்ளைகள் மேல். காப்பாற்ற ஓடிவந்த மருத்துவக் குழு மேல் இரண்டாவது, பிரிம் செத்தது அதில்தான். அப்படிப்பட்டவளுக்குத் துளி சந்தேகம் வந்திருந்தால் காட்னிஸ் கையில் வில்லைக் கொடுத்து எதிரே நின்றிருப்பாளா? என் தங்கச்சி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனா நேரத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. வாசலில் சாப்பாடு கொடுத்துவிட்டு எங்கம்மா அழுதபடி திரும்பி வருவார். பிரிம் அந்த மாதிரிப் பிள்ளை. அவள் பெயரைச் சொல்லி இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொல்லச் சொல்ல எந்த அக்காவுக்கும் வாய் வராது. அதனால்தான் சொல்கிறேன், நடிப்பு.

எண்ணூர்க்காரி:
உங்கள் தங்கையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் சாவு வீட்டுக்கே போனதில்லையா? பிள்ளையை இழந்தவர் வாயிலிருந்து என்னென்ன சாபம் வரும் என்று கேட்டதில்லையா? ஸ்னோவுக்குப் பேத்தி இருக்கிறாள் என்று ஜொஹானா எடுத்துச் சொன்ன பிறகும் காட்னிஸ் சரி என்கிறாள். இன்னொன்று, குண்டு காயினுடையது என்று அவளிடம் சொன்னது யார்? ஸ்னோ. அந்த இரட்டைக் குண்டு யோசனை காட்னிஸின் நண்பன் கேலும் பீட்டியும் உருவாக்கியது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

வியாசை தம்பி:
2015-இல் வந்த படத்தில் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும் அண்ணா, நடிப்புதான்.

கல்மண்டபம் வாசகன்:
தம்பி, நீ என் பக்கம் பேசினாலும் சொல்கிறேன், படத்தை இங்கே இழுக்காதே. நாவலைப் படித்துவிட்டு வா.

வியாசை தம்பி:
ஆதரவாகப் பேசினவனையும் அடித்து உட்காரவைப்பதே உங்கள் வழக்கம். முன்பு வேறொரு பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

கல்மண்டபம் வாசகன்:
பழசை விடு. காட்னிஸின் பன்னிரண்டாம் மாவட்டம் நிலக்கரி தோண்டுகிற ஊர். ராயபுரத்தில் துறைமுகக் கரித்தூசியை மூச்சில் இழுத்து வளர்ந்தவன் நான். காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவள் மனசு எங்களுக்குத் தெரியும்.

எண்ணூர்க்காரி:
அந்தக் கரி எங்கே போனது தம்பி? சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கக் கூடாது என்று 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் அது நேராக எங்கள் எண்ணூருக்குத்தான் வந்தது. உங்கள் சட்டை வெளுத்தது, எங்கள் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வேறு வந்து கலந்தது. எங்கள் ஆட்கள் வலையைத் தூக்கிப்போட்டார்கள். பன்னிரண்டாம் மாவட்டம் யார் ஊர் என்று என்னிடம் பாடம் எடுக்காதீர்கள். நீங்கள் இப்போது இருப்பது அண்ணா நகரில் என்பதும் எனக்குத் தெரியும்.

கல்மண்டபம் வாசகன்:
வாடகை வீட்டுக்காகப் போனவனை ஊரை விட்டு ஓடினவன் என்பீர்களா? எங்கம்மா இன்னும் கல்மண்டபத்தில்தான் இருக்கிறார். காசிமேட்டில் மீன் வாங்காமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இதெல்லாம் பேச்சை மாற்றும் வேலை. ஹேமிச் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய வண்ணை:
நாலாவது ஓட்டுக்கு நீங்களும்தான் பதில் சொல்லவில்லை.

கல்மண்டபம் வாசகன்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

எண்ணூர்க்காரி:
ஹேமிச் தானும் அவளும் ஒன்று என்று காட்டத்தான் அவள் பக்கம் நின்றான். அவனும் பிள்ளைகள் சாவதைப் பார்த்துப் பார்த்து வெந்தவன். இருவருக்கும் கோபம் வந்தது, ஓட்டுப் போட்டார்கள். பிறகு வில்லோடு நின்றபோது அவள் மனசு மாறியது. அவ்வளவுதான். உங்களுக்குக் கறை படாத காட்னிஸ் வேண்டும். எனக்கு வேண்டாம்.

கல்மண்டபம் வாசகன்:
மனசு மாறியது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நடிப்பு அக்கா, நடிப்பு. இன்று இரவு வேலை. காலையில் வந்து பக்க எண்ணோடு எழுதுகிறேன்.

பழைய வண்ணை:
வரும்போது மூர் மார்க்கெட்டில் நான் தேடிப்பிடித்து வாங்கிய இரண்டாம் பாகத்தையும் எடுத்து வாருங்கள். நீங்கள் இரவல் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.