உதவி: என் போனில் ஓடும் ஆப், மற்றவர்கள் போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இட்லித்தம்பி, இரவு 10:52
அவசரம். நான் எழுதிய முதல் ஆப் இது. என் போனில் நன்றாக ஓடுகிறது. ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆறு பேர் போனிலும் பட்டியல் வரவில்லை, வட்டம் மட்டும் சுற்றுகிறது. நாளைக்குள் சரியாக வேண்டும். என்ன செய்வது?

மாட்டுங்காக்காரன், 10:58
எதில் எழுதினீர்கள்? கோட்லினா, ஃப்ளட்டரா? பட்டியல் எங்கிருந்து வருகிறது? ஆறு பேரிடமும் என்ன போன், எந்த ஆண்ட்ராய்டு? பிழைச் செய்தி ஏதாவது வருகிறதா?

நவிமும்பை, 11:01
பட்டியல் இருப்பது கூகுளின் ஃபயர்பேஸில்தானே? டெஸ்ட் மோடில் திறந்த ஃபயர்ஸ்டோர் (அதன் டேட்டாபேஸ்) 30 நாளில் பூட்டிக்கொள்ளும். முதல் ஆப்பில் நானும் இதில்தான் மாட்டினேன். யார் படிக்கலாம் என்று சொல்லும் ரூல்ஸைப் பாருங்கள்.

மாட்டுங்காக்காரன், 11:03
அது பூட்டியிருந்தால் அவர் போனிலும் வராதே.

பழைய_கை, 11:10
தம்பி, கேள்வி கேட்கவே ஒரு முறை இருக்கிறது. "ஓடவில்லை" என்று ஒரு வரி எழுதினால் யாராலும் உதவ முடியாது. இங்கே வருகிற பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே காரணம்தான்: சர்வரைத் தன் லேப்டாப்பிலேயே ஓட்டிக்கொண்டு, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் ("இதே கருவி") என்று போட்டிருப்பார்கள். லேப்டாப்பில் ஓடும் போலிப் போனான எமுலேட்டருக்கு 10.0.2.2 என்று கொடுத்தால் லேப்டாப்பைப் பிடித்துவிடும். அடுத்தவர் போனுக்கு உங்கள் லேப்டாப் எங்கே தெரியும்? முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

இட்லித்தம்பி, 11:19
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஃப்ளட்டர். ஃபயர்பேஸ் இல்லை. சர்வர் வெளியில் ஹோஸ்டிங்கில் இருக்கிறது, எச்டிடிபிஎஸ் முகவரி. பிழைச் செய்தி எதுவும் இல்லை. என் போனை யூஎஸ்பியில் மாட்டித்தான் ஓட்டுவேன்.
தாராவியில் அத்தை இட்லி அவித்துக் கொடுக்கிறார். ஆறு அண்ணன்கள் சைக்கிளில் எடுத்துப்போய் மாஹிம், சயான் பக்கம் விற்கிறார்கள். யாருக்கு எத்தனை இட்லி என்று முந்தின இரவே தெரிந்தால் மாவு வீணாகாது. அதற்குத்தான் இந்த ஆப்.

செம்பூர்_டெஸ்டர், 11:24
சைக்கிள்காரர்கள் என்றால் விலை குறைந்த போனாக இருக்கும். பேட்டரி சேவர் ஆப்பைக் கொன்றுவிடும். செட்டிங்கில் போய் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

மாட்டுங்காக்காரன், 11:27
பேட்டரி சேவர் பின்னணியில் ஓடுவதைத்தான் நிறுத்தும். கண்ணெதிரே திறந்திருக்கும் ஆப்பை ஒன்றும் செய்யாது. தம்பி, போன்களைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை: அதே ஏபிகேயை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பியில் ஓடுவது டீபக், அதாவது சோதனை வடிவம். அனுப்பியது ரிலீஸ், வெளியீட்டு வடிவம். இரண்டும் வேறு.

இட்லித்தம்பி, 11:38
என் போனிலும் சுற்றுகிறது!

மாட்டுங்காக்காரன், 11:46
அப்படியென்றால் போன் மேல் தப்பில்லை. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கைக் காலியாக விட்டிருப்பீர்கள், அதனால்தான் பிழை தெரியவில்லை. அங்கே பிழையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், "ஃபெயில்ட் ஹோஸ்ட் லுக்அப்" (சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை) என்று வரும் என்பது என் கணிப்பு. ஃப்ளட்டர் புது ப்ராஜெக்ட் உருவாக்கும்போது, இன்டர்நெட் பெர்மிஷன் வரியை டீபக், ப்ரொஃபைல் ஃபோல்டர்களின் மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அனுமதிகளை எழுதும் கோப்பு) மட்டும்தான் போடுகிறது. மெயின் ஃபோல்டரில் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்து, மறுபடி பில்ட் செய்யுங்கள். ஃபயர்பேஸ் இருந்திருந்தால் அதன் லைப்ரரியே அந்த வரியைக் கொண்டுவந்திருக்கும், உங்களுக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

பழைய_கை, 11:52
நானும் அதையே சொல்ல வந்தேன். அப்புறம், ஏபிகேயை வாட்ஸ்அப்பில் அனுப்புவதே தவறு. பிளே ஸ்டோரில் போடுங்கள். 25 டாலர், ஒரே முறைதான்.

நவிமும்பை, 11:57
25 டாலரோடு முடியாது, ஐயா. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், எல்லோருக்கும் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து க்ளோஸ்ட் டெஸ்டில் (அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும் சோதனை) இருக்க வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் குறைத்தார்கள். இவரிடம் இருப்பதே ஆறு பேர். அந்த நிபந்தனை இல்லாத இன்டர்னல் டெஸ்டிங் போதும், 100 பேர் வரை சேர்க்கலாம்.

பழைய_கை, 12:04
ஆறு பேருக்கு ஆப் எதற்கு? ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப், வேலை முடிந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆப் செய்யத்தான் துடிக்கிறார்கள்.

சயான்_கோலிவாடா, 12:11
என் அப்பா இருபது வருடம் தாராவியிலிருந்து இட்லி விற்றார். நோட்டும் இருந்தது, மாவு வீணானதும் உண்மை. குரூப்பில் ஆறு பேரும் எழுதியதை விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டுவது யார்? தம்பி செய்வது நல்ல வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எழுதுகிற பெட்டி வைக்காதீர்கள். 50, 100, 150 என்று பெரிய பொத்தான் வையுங்கள். கை ஈரமாக இருக்கும்.

பழைய_கை, 12:15
நான் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. தேவையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

சயான்_கோலிவாடா, 12:18
தேவையைத்தான் அவர் 11:19க்கே எழுதிவிட்டார். நீங்கள் படிக்கவில்லை.

மாட்டுங்காக்காரன், 12:26
சண்டை போதும். தம்பி, இன்னொன்று. ஃப்ளட்டரில் நீங்களாக மாற்றாதவரை ரிலீஸ் ஏபிகேயும் டீபக் கீயில்தான் (சோதனைக்கான டிஜிட்டல் சாவி) கையெழுத்தாகும். இப்போதே சொந்தக் கீ உருவாக்கி அதில் கையெழுத்திடுங்கள். பின்னால் மாற்றினால் பழையதன் மேல் புதியது ஏறாது. ஆறு பேரும் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும், போனில் சேமித்ததெல்லாம் போய்விடும்.

இட்லித்தம்பி, மறுநாள் இரவு 9:40
அந்த வரிதான். நன்றி அண்ணே. இன்று நான்கு பேர் ஆப்பில் போட்டார்கள், இரண்டு பேர் அத்தையிடம் வாயால் சொன்னார்கள். பொத்தான் பெரிதாக்கிவிட்டேன்.

மாட்டுங்காக்காரன், 9:44
நல்லது. அந்த இரண்டு பேர் ஏன் போடவில்லை என்று கேட்டீர்களா? கீயை வேறு இடத்திலும் சேமித்து வைத்தீர்களா?

செம்பூர்_டெஸ்டர், இரண்டு நாள் கழித்து
தம்பி, இருக்கிறீர்களா?