சென்ட்ரிங் தகடு இரவல் கிடைக்குமா?

குழுவில் உள்ள கொத்தனார் அண்ணன்மார்களுக்கு வணக்கம். மதுரை மாவட்டம் சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். முன்பு ஒப்பந்ததாரர் கட்டித்தந்த தொகுப்பு வீடுகளில் கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பாய்த் தெரிகிறது. பயந்துபோய்ப் பக்கத்திலேயே குடிசை போட்டுப் படுத்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர்.

குடிசைகளுக்குப் பதிலாக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது. 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். இந்த முறை வெளியாள் வேண்டாம், நாங்களே கட்டுகிறோம் என்று முடிவு செய்துவிட்டோம். தேனுக்காகப் பாறையில் கொடி கட்டித் தொங்குகிறவர்களுக்குச் சாரம் ஏறுவதா பெரிது!

லாரி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். செங்கல் முழுக்கத் தலைச்சுமைதான். பெண்கள் சும்மாட்டுக்குப் பழைய வேட்டி கேட்டு வீடு வீடாக அலைகிறார்கள். ஆனாலும் இரண்டு வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரைத் தளம் போடத்தான், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடு இல்லாமல் தடுமாறுகிறோம்.

ஒரு வீட்டுக்கான தகடும் முட்டுக் கம்பும் மூன்று வாரம் இரவல் வேண்டும். வாடகை என்றால் அடுத்த தவணை வந்ததும் தந்துவிடுகிறோம். கம்பி கட்டத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் வந்து சொல்லித்தர வேண்டும். கையாளுக்கு நாங்கள் பதினோரு பேர் இருக்கிறோம். சாப்டூரில் பஸ் இறங்கினால் வந்து அழைத்துக்கொள்கிறோம்.