தோட்டத்து மண்ணில் சீசியம்-134 தெரிகிறதா?

கேள்வி (டர்பன் மாணவி):
அனைவருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடி மண்ணை உலர்த்திச் சலித்து, பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, பல்கலைக்கழக ஆய்வகத்தில் காமாக் கதிர்களின் ஆற்றலை அளக்கும் சோடியம் அயோடைடு உணரியின்மேல் ஓர் இரவு முழுவதும் வைத்து அளந்தேன். பொட்டாசியம்-40 தரும் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடு தெளிவாக நிற்கிறது. ஆனால் 570 முதல் 640 வரை அகன்ற மேடு ஒன்று எழுகிறது. அதன் நடுவை 603 என்று கணித்த மென்பொருள், அணு உலைகளில் உண்டாகும் கதிரியக்கச் சீசியம்-134 என்று பெயரும் இட்டுவிட்டது. கேப் டவுன் அருகே உள்ள கூபெர்க் அணுமின் நிலையத்திலிருந்து வந்திருக்குமோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். அறிக்கையில் அப்படி எழுதலாமா?

மறுமொழி (பிரிட்டோரியா, ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்):
எழுத வேண்டாம், அம்மா. சோடியம் அயோடைடின் பிரிதிறன் (அருகருகே உள்ள முகடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 662-இல் ஏறக்குறைய 7 விழுக்காடு, அதாவது 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம். எந்த மண்ணிலும் இருக்கும் தோரியத் தொடரின் தாலியம்-208 (583), யுரேனியத் தொடரின் பிஸ்மத்-214 (609) ஆகிய இரண்டும் அந்த அகலத்துக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சீசியம்-134 உண்மையில் இருந்தால், 605-க்குச் சற்றே குறைந்த உயரத்தில் 796-இலும் முகடு எழ வேண்டும். அங்கே சிறிதாக ஏதேனும் தெரிந்தாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். தோரியத் தொடரைச் சேர்ந்த ஆக்டினியம்-228-க்கும் 795-இல் ஒரு வரி உண்டு, அதன் வலுவான வரி 911-இல் நிற்கும். பிஸ்மத்துக்குச் சாட்சி 1120-உம் 1764-உம்.

மறுமொழி (கேப் டவுன்):
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். சீசியம்-134 அணுக்கருப் பிளவில் நேரடியாகப் பிறப்பது மிக அரிது. அந்த நிறை எண்ணில் பீட்டாச் சிதைவு நிலையான செனான்-134-உடன் நின்றுவிடுகிறது. உலைக்குள் பிளவில் சேர்ந்த சீசியம்-133 நியூட்ரானை விழுங்கும்போதுதான் அது உண்டாகிறது. அதனால்தான் எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்பதை 134, 137 ஆகியவற்றின் விகிதத்தால் மதிப்பிடுகிறார்கள். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 2 ஆண்டுகளே. பழைய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாக மண்ணில் எதிர்பார்க்கத்தக்கது, 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம்-137; அதன் 662 வரியை உங்கள் மேட்டின் வலச் சரிவில் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. 1764 தெளிவாக இருக்கிறது, 1120 சிறிதாகத் தெரிகிறது, 796-இல் குறிப்பிடத்தக்க முகடு இல்லை. வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். பிரிதிறன் மிக்க ஜெர்மானியம் உணரி கிடைக்காத நிலையில் இதை இன்னும் உறுதி செய்ய வழி உண்டா?

மறுமொழி (பிரிட்டோரியா, ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்):
உண்டு. டப்பா மூடியைத் திறந்து வைத்தால் பிஸ்மத்துக்கு மூலமான ரேடான் வாயு வெளியேறுவதால் பிஸ்மத் குறையும். காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் மீண்டும் ஏறும். சீசியம் அசையாது. ஆகவே திறந்த நிலையில் ஒருமுறையும் மூன்று வாரம் கழித்து ஒருமுறையும், அதே தொலைவில், அதே நேர அளவில் எண்ணி, இரண்டு நிறமாலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள்; அந்த மேட்டில் கூடியிருப்பது பிஸ்மத்தின் பங்கு.

கேள்வி கேட்டவர்:
மூடியின் விளிம்பை அலுமினிய நாடாவால் சுற்றி ஒட்டி, மேலே இன்றைய தேதியை எழுதி வைத்துவிட்டேன், ஐயா. திறந்த நிலையில் எடுத்த அளவைத் தனியே சேமித்திருக்கிறேன்.