மறு: 'ஆசியர்': யார் கூற்று? (கலைச்சொல் வேண்டல்)

வணக்கம் நண்பர்களே,

இந்த மடலிழை நீண்டுகொண்டே போகிறது, ஆனால் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதே இன்னும் தெளிவாகவில்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அடையாளம் வேறு, அடுத்தவர் அவருக்குக் கொடுக்கும் அடையாளம் வேறு; இந்த இரண்டாவதற்குத்தான் தமிழில் ஒரு கலைச்சொல் வேண்டும். 'ஆசிய இனம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்கிறார் ஒருவர். கூடாது. ஆசியர் என்பது இனமே இல்லை. யார் ஆசியர் என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது, அதனால் நாம் ஆக்கும் சொல்லில் சொல்பவர் யார் என்பது தெரியவேண்டும்.

பிரிட்டனில் பேச்சுவழக்கில் ஆசியர் என்றால் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். அமெரிக்காவிலோ அதே சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது சீனர், ஜப்பானியர், கொரியர். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டினார் என்று படிக்கிறபோது அதில் யாரும் சீனர்களைத் தேடுவதில்லை, அவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். சிரியாவும் ஏமனும் வரைபடத்தில் ஆசியாவில்தான் இருக்கின்றன, ஆனாலும் அந்த ஊர்க்காரர்களை ஆசியர் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வருவதில்லை.

> அரசே வரையறை தந்திருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் போதாதா?

எந்த ஆண்டு வரையறையை? அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1930இலும் 1940இலும் இந்தியருக்கு 'இந்து' என்று தனி இனக் கட்டமே இருந்தது (சீக்கியரும் முஸ்லிம்களும் அதில்தான் அடக்கம், என்ன செய்ய). 1970இல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இல் 'ஆசிய இந்தியர்' ஆனார்கள். 2024இல் வரையறை மறுபடி மாறி, மத்திய ஆசியரும் ஆசியர் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது, மத்திய கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்காவுக்குத் தனி வகை வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பிலும் இதே கதைதான்: 2001இல் சீனர் ஆசியர் தலைப்புக்கு வெளியே, 2011இல் உள்ளே. பத்தாண்டில் யாருக்கும் முகமோ மொழியோ மாறவில்லை, படிவம் மாறிற்று.

இதைவிட நல்ல சான்று, அமெரிக்காவில் குடியேறிய பஞ்சாபிச் சீக்கியரான பகத் சிங் திந்தின் வழக்கு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று அங்கே சட்டம் இருந்த காலம். 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அன்றைய மானிடவியலார் வட இந்தியரைக் காக்கேசியர் என்றுதானே வகைப்படுத்துகிறார்கள் என்று வந்தார் திந்த். 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அறிவியல் எப்படிப் பிரித்தாலும் சாதாரண மனிதன் இவரை வெள்ளையர் என்று கருதமாட்டான், அதனால் இவருக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்தவர் பார்வையையே சட்டமாக்கிய தீர்ப்பு இது. நமக்குப் பெயர் வேண்டியது இந்த 'அடுத்தவர் பார்வை'க்குத்தான்.

இன்றைக்கும் அது உயிரோடுதான் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் நடந்த ஒரு தேசியக் கருத்தாய்வை வைத்து ஆய்வாளர்கள் ஜெனிஃபர் லீயும் கார்த்திக் ராமகிருஷ்ணனும் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். இந்தியரும் பாகிஸ்தானியரும் தங்களை ஆசியர் என்று கருதினாலும், மற்ற அமெரிக்கர்களில் பலர் அப்படிக் கருதுவதில்லை. கிழக்கு ஆசிய வழியினரிலும் இவர்களை ஆசியராகக் கருதாதவர்கள் உண்டு என்பதுதான் வேடிக்கை.

இனி சொற்கள். வந்த பரிந்துரைகளில் 'சூட்டடையாளம்' எனக்கு ஆகவே ஆகாது. சூட்டுதல் என்று நினைத்துத்தான் ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் படிக்கிறவர் கண்ணில் மாட்டுக்குப் போட்ட சூடுதான் தெரியும். 'ஒட்டடையாளம்' அதைவிட மோசம், பாதியில் ஒட்டடை தொங்குகிறது. 'சார்த்தடையாளம்' பொருளளவில் சரி, ஆனால் சார்த்து என்பது நாவில் சாத்து ஆகிவிடும், அப்புறம் கதவைச் சாத்துவதா ஆளைச் சாத்துவதா என்று ஒரு விளக்கம் எழுதவேண்டும். 'புற அடையாளம்' அழகாக இருக்கிறது, ஆனால் அது தோல்நிறம், உடை போன்ற வெளித்தோற்றம் என்றே புரிந்துகொள்ளப்படும்.

என் பரிந்துரை 'கூற்று'. அகப்பாட்டின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று போடுகிறோம், நடந்தது ஒன்றேயானாலும் சொல்பவர் மாறினால் பாட்டு மாறிவிடும். அதே பாணியில் தற்கூற்று அடையாளம், பிறர்கூற்று அடையாளம், படிவக்கூற்று அடையாளம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'தற்கூற்றில் ஆசியரான பாகிஸ்தானியர், அமெரிக்காவில் பிறர்கூற்றில் பெரும்பாலும் ஆசியராவதில்லை.'

'2011இல் மாறியது சீனரின் படிவக்கூற்று அடையாளம் மட்டுமே.'

உறுத்தாமல் போகிறது. கூற்று என்றால் எமனும்தானே என்று யாராவது எழுதுவீர்கள். நீதிமன்றம், நாளிதழ் எல்லாம் 'அவர் கூற்றை மறுத்தார்' என்றுதான் எழுதுகின்றன, எமனை நினைத்து யாரும் பயந்ததில்லை.

> தற்கூற்று என்பது தற்குறி போல ஒலிக்கிறதே?

கொஞ்சம் ஒலிக்கிறதுதான். 'தன்கூற்று' என்று புணர்க்காமல் எழுதினாலும் எனக்குச் சம்மதமே, இலக்கணப் புலிகள் விட்டால்.

இன்னொன்று. பல இனக்குழுக்கள் சேர்ந்து தாங்களே வைத்துக்கொள்ளும் பொதுப்பெயரை இதோடு குழப்பவேண்டாம். 1968இல் அமெரிக்காவின் பெர்க்லியில் யூஜி இச்சியோகாவும் எம்மா ஜீயும் மாணவர்களைத் திரட்டியபோது 'ஆசிய அமெரிக்கர்' என்ற பெயரை ஓர் அரசியல் கூட்டணிக்காகத்தான் வைத்தார்கள், 'கீழைத்தேயத்தார்' என்று அதுவரை மற்றவர்கள் அழைத்துவந்ததை உதறுவதற்காக. அதற்குக் 'கூட்டடையாளம்' என்ற பழைய பரிந்துரையே போதும்.

மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு, ஒரு வாக்கியத்திலும் வைத்து அனுப்புங்கள். வெறும் 'பிடிக்கவில்லை'யை வைத்துக்கொண்டு சொற்பட்டியலில் ஒன்றும் செய்யமுடியாது.

அன்புடன்