என்னைச் சிறுவனாக அறிந்தவர்கள் எவரும் இப்போது இல்லை: இந்த இழப்பை எப்படி ஏற்பது?

மாலைநடை (கேள்வி):
எனக்கு வயது 68. கடந்த மூன்று ஆண்டுகளில் அண்ணனையும், கல்லூரிக் காலம் முதல் உடன் வந்த இரு நண்பர்களையும் இழந்துவிட்டேன். அண்ணனின் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வகை. சென்ற வாரம் ஒரு நாள் மறந்துவிட்டேன். மறுநாள் அது நாலேகாலில் நின்றிருந்ததைக் கண்டதும், அவர் இறந்த அன்று வராத அழுகை வந்தது. என் மரணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு அச்சம் இல்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் பள்ளி மணியை அரை மணி நேரம் முன்னதாக அடித்துவிட்டு ஓடியது நானா அண்ணனா என்று கேட்டுச் சரிபார்க்கக்கூட ஆளில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. துயரத்திற்கு ஐந்து கட்டங்கள் உண்டு, இறுதியில் ஏற்பு வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. என்னிடம் ஏதேனும் கோளாறா?

இரவுப்பணி:
ஐயா, குணமாக்க இயலாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்த ஐந்து கட்டங்களை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அறிந்ததை வைத்துத்தான். உற்றாரை இழந்தவர்களுக்கும் அதைப் பொருத்திச் சொல்வது பின்னர் வந்த வழக்கம். நோயாளிகளும்கூட அவற்றைப் படியேறுவதுபோல் வரிசையாகக் கடப்பதில்லை. காலையில் உயிலைப் பற்றித் தெளிவாகப் பேசியவர், மாலையில் மாடியில் அறை கட்டப்போவதைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் அவர் மனமாரத்தான் சொன்னார்.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த கருத்தே நான் கண்டதற்கு நெருக்கமாக இருக்கிறது: துயருற்ற மனம் சிறிது நேரம் இழப்பிலும், சிறிது நேரம் அன்றாட வேலைகளிலுமாக மாறி மாறி ஊசலாடுகிறது, அந்த ஊசலாட்டமே அதை நிலைப்படுத்துகிறது என்பது அவர்கள் கருத்து. நீங்கள் சாவி கொடுக்க மறந்ததும் மறுநாள் அழுததும் இந்த ஊசலின் இரு முனைகள்தாம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலாகியும் தணியாத கடும் ஏக்கத்தால் அன்றாட வாழ்க்கையே முடங்கிப்போவதைத்தான் தனிக் கோளாறாகக் கொள்கிறது. உறக்கமும் உணவும் வெளியே போய்வருவதும் குலைந்திருந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பேரேடு:
செவிலியர் அம்மா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஐயாவின் கேள்வி வேறொன்று என்று படுகிறது. அண்ணன் போனபோது, அவர் மனத்தில் இருந்த பத்து வயதுச் சிறுவனும் சேர்ந்தே போய்விட்டான். அப்படியானால் ஐயா துக்கம் காப்பது தமக்காகவும்தான். மரண அச்சம் இல்லை என்று அவர் சொல்வதை, மன்னிக்கவும், என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் தாயாருக்கு வயது 81. உடன்பிறந்தவர்களில் அவர் ஒருவரே மீதம். சென்ற ஆண்டு பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதத் தொடங்கினார். ஒரு படத்தின் ஓரத்தில் நின்ற பெண் யாரென்று நினைவுக்கு வரவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு கேள்விக்குறியைப் போட்டு அடுத்த படத்தை எடுத்துக்கொண்டார். ஏற்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அந்தக் கேள்விக்குறியைத்தான் சொல்வேன். உங்கள் அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர் உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லியிருக்கக்கூடும்.

மாலைநடை:
இருவருக்கும் நன்றி. அச்சத்தைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

நேற்று அண்ணன் மகனைப் பார்த்து வந்தேன். மணி அடித்த கதையை நான் தொடங்கியதுமே சிரித்துவிட்டு, "சித்தப்பா, அடித்தது தான்தான் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்" என்றான். என் நினைவில் கயிற்றை இழுத்தது என் கை; அதன் சொரசொரப்புக்கூட உள்ளங்கையில் இருக்கிறது. அவனிடம் மறுத்துப் பேசவில்லை. கடிகாரத்தை அவனுக்குக் கொடுக்கவே கொண்டுபோயிருந்தேன். கொடுக்காமல் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.